கண்டெய்னருக்குள் ரூட் ஆக இருந்தும் 'அனுமதி இல்லை' என்று வருவது ஏன்? நெட்வொர்க் ஃபோல்டரை மவுண்ட் செய்வதில் உள்ள சிக்கலும் தீர்வும்

டாக்கர் கண்டெய்னர் ஒன்றுக்குள் போகிறீர்கள். 'நான் யார்' என்று கேட்டால் 'ரூட்' என்கிறது. சிஸ்டத்தில் எல்லா அதிகாரமும் உள்ள யூசர் என்று அர்த்தம். அலுவலக சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டரை இணைக்க மவுண்ட் கட்டளை கொடுக்கிறீர்கள். 'பெர்மிஷன் டினைடு' என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அதே மெஷினில், கண்டெய்னருக்கு வெளியே, அதே கட்டளை நொடியில் வேலை செய்கிறது.

இணையத்தில் தேடினால் சீக்கிரம் கண்ணில் படும் தீர்வு, கண்டெய்னரை 'ப்ரிவிலேஜ்டு' என்ற ஆப்ஷனோடு ஓட்டுவது. போட்டதும் மவுண்ட் ஆகிவிடும். அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆனால் அந்த ஒரு வார்த்தை, கண்டெய்னரைச் சுற்றியிருந்த தடுப்புகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிடுகிறது. ஆபத்து உங்கள் மெஷினோடு நிற்பதும் இல்லை. அந்தப் பொது ஃபோல்டரில் ஃபைல் வைத்திருக்கும் எல்லோரையும் அது பாதிக்கும்.

சுருக்கமான பதில் இதுதான்: நெட்வொர்க் ஃபோல்டரை மவுண்ட் செய்வது கண்டெய்னரின் வேலை இல்லை, அதைத் தாங்கும் ஹோஸ்ட்டின் வேலை. வெளியே இணைக்க வேண்டும், உள்ளே காட்ட வேண்டும். ஏன் அப்படி, எப்படிச் செய்வது, செய்த பிறகும் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மவுண்ட் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

விண்டோஸில் பென் டிரைவ் செருகினால் புதிதாக ஒரு டிரைவ் எழுத்து முளைக்கும். லினக்ஸ், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களில் தனித்தனி டிரைவ் கிடையாது. எல்லாமே ஒரே மரம். புதிய டிஸ்க் வந்தால், மரத்தின் ஏதாவது ஒரு கிளையில், அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு காலி ஃபோல்டரில், அதைப் பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்துவதுதான் மவுண்ட்.

டிஸ்க் நம் மெஷினில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொரு சர்வரில் இருக்கும் ஃபோல்டரையும் இதே போலப் பொருத்தலாம். அதற்குப் பரவலாகப் பயன்படும் முறைதான் என்.எஃப்.எஸ், நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் உருவாக்கியது. இரண்டாம் பதிப்பின் விவரக்குறிப்பு 1989-லும், மூன்றாம் பதிப்புடையது 1995-லும், நான்காம் பதிப்புடையது 2000-லும் வெளியாகின. நாற்பது வருடப் பழசு என்று ஒதுக்கிவிட முடியாது. அமேசான் கிளவுடில் இருக்கும் இ.எஃப்.எஸ் சேவை பேசுவதும் என்.எஃப்.எஸ் நான்காம் பதிப்பைத்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மவுண்ட் கட்டளை கொடுத்ததும் வேலையைச் செய்வது அந்தக் கட்டளை அல்ல, கெர்னல். சிஸ்டத்தின் மையமான அந்தப் பகுதிதான் சர்வருடன் பேசுகிறது, சர்வர் அனுப்பும் பதிலைப் பிரித்துப் படிக்கிறது, மரத்தில் புதுக் கிளையைச் சேர்க்கிறது. கெர்னலில் ஒரு ஓட்டை விழுந்தால் மொத்த மெஷினும் போச்சு. அதனால்தான் மவுண்ட் செய்யும் உரிமையை எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

'தனி உலகம்' எப்படி உருவாகிறது?

ஒரே மெஷினுக்குள் பல தனித்தனிச் சூழல்களை உருவாக்கும் யோசனை டாக்கரோடு பிறந்ததல்ல. வரிசையாகப் பார்த்தால்:

• 1979: யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சிஎச்ரூட் வந்தது. ஒரு புரோகிராமுக்கு மரத்தின் ஒரு கிளையை மட்டும் காட்டி, 'இதுதான் முழு மரம்' என்று சொல்லும் வசதி.

• 2000: ஃப்ரீபிஎஸ்டி 4.0-வில் ஜெயில் வந்தது. ஃபைல்கள் மட்டுமல்ல, புரோகிராம்கள், நெட்வொர்க் முகவரி எல்லாவற்றையும் பிரித்தது. உள்ளே இருக்கும் ரூட் யூசரின் கையைக் கட்டியதும் இதுதான்.

• 2002: லினக்ஸ் 2.4.19-ல் மவுண்ட் நேம்ஸ்பேஸ் வந்தது. ஒவ்வொரு குழு புரோகிராம்களுக்கும் தனி மவுண்ட் பட்டியல்.

• 2005: சோலாரிஸ் 10-ல் ஜோன்ஸ் வந்தது.

• 2013: பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.8-ல் யூசர் நேம்ஸ்பேஸ் முழு வடிவம் பெற்றது. அடுத்த மாதமே டாக்கர் அறிமுகமானது.

பெயர்கள் வேறு வேறு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று: கெர்னல் ஒன்றே ஒன்றுதான். பத்து கண்டெய்னர் ஓடினாலும் பத்துக்கும் அதே கெர்னல். மாறுவது பார்வை மட்டும்தான்.

பெங்களூரிலோ புனேவிலோ பி.ஜி.யில் தங்கியிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். உங்கள் அறைக்குச் சாவி உங்களிடம். அறைக்குள் கட்டிலை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் புதிதாக ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டுமென்றால் நீங்களே தெருவைத் தோண்டி கார்ப்பரேஷன் பைப்பில் இணைப்பு எடுக்க முடியாது. வீட்டு ஓனர்தான் எடுக்க வேண்டும். எடுத்து, உங்கள் அறையில் ஒரு குழாய் வைத்துக் கொடுப்பார். கண்டெய்னரின் ரூட் என்பவர் அறைச் சாவி வைத்திருப்பவர். மவுண்ட் என்பது தெருவைத் தோண்டும் வேலை.

விர்ச்சுவல் மெஷின் கதை வேறு. அதற்குச் சொந்தமாக ஒரு கெர்னல் உண்டு. தனி வீடு மாதிரி. அதனால் அதற்குள் என்.எஃப்.எஸ் மவுண்ட் செய்வதில் இந்தச் சிக்கல் வராது. மேக், விண்டோஸ் லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அங்கே பின்னால் சத்தமில்லாமல் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது. உங்கள் கண்டெய்னர்களுக்கு 'ஹோஸ்ட்' என்பது அந்த மெஷின்தான், லேப்டாப் அல்ல. லேப்டாப்பில் ஆபீஸ் ஷேர் திறக்கிறது, கண்டெய்னரில் திறக்கவில்லை என்ற குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

ரூட் தானே, ஏன் அனுமதி இல்லை?

லினக்ஸில் 'ரூட்' என்பது ஒரே ஒரு பெரிய அதிகாரம் இல்லை. பல சிறு அதிகாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் 'சிஸ் அட்மின்' என்ற ஒன்று இருந்தால்தான் மவுண்ட் செய்ய முடியும். டாக்கர் சாதாரணமாக ஒரு கண்டெய்னரைத் தொடங்கும்போது இந்த அதிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறது. பெயர் ரூட், ஆனால் மவுண்ட் செய்யும் உரிமை இல்லை.

இது முதல் பூட்டு. இரண்டாவது, செக்காம்ப் என்ற வடிகட்டி. கண்டெய்னர் கெர்னலிடம் என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியல் அது. டாக்கரின் இயல்பான பட்டியலில், சிஸ் அட்மின் அதிகாரம் இல்லாதவருக்கு மவுண்ட் கிடையாது. மூன்றாவது, உபுண்டு போன்ற சிஸ்டங்களில் இருக்கும் ஆப்ஆர்மர். டாக்கருக்கான அதன் இயல்பான விதிகளும் மவுண்டைத் தடுக்கின்றன. சிஸ் அட்மின் அதிகாரத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்தும் சில மெஷின்களில் மவுண்ட் ஆகாமல் அடம்பிடிப்பதற்கு இந்த மூன்றாவது பூட்டுதான் காரணம்.

சரி, யூசர் நேம்ஸ்பேஸ் இருக்கிறதே? அதில் உள்ளே இருக்கும் ரூட், வெளியே ஒரு சாதாரண யூசர். உள்ளே சிஸ் அட்மின் அதிகாரமும் அவருக்கு உண்டு. அப்போதாவது முடியுமா? முடியாது. யூசர் நேம்ஸ்பேஸுக்குள் எந்தெந்த ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யலாம் என்று லினக்ஸ் கெர்னலில் ஒரு சிறிய அனுமதிப் பட்டியல் இருக்கிறது. நினைவகத்தில் வாழும் டெம்ப்-எஃப்எஸ் அதில் உண்டு. கெர்னலுக்கு வெளியே ஓடும் ஃப்யூஸ், 4.18 பதிப்பிலிருந்து உண்டு. ஓவர்லே 5.11 பதிப்பிலிருந்து உண்டு. என்.எஃப்.எஸ் இல்லை. ரூட் அதிகாரமே இல்லாமல் ஓடும் போட்மேன் போன்றவற்றில் என்.எஃப்.எஸ் மவுண்ட் நேரடியாகச் செய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று தோன்றலாம். 2022 ஜனவரியில் வெளிவந்த ஒரு லினக்ஸ் ஓட்டை இதற்குப் பதில் சொல்கிறது. பதிவு எண் சிவிஇ-2022-0185. மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் ஆப்ஷன்களை கெர்னல் படிக்கும் இடத்தில், நீளத்தைச் சரிபார்க்கும் கணக்கில் ஒரு பிழை. 5.1 பதிப்பிலிருந்தே இருந்தது. ஏதாவது ஒரு நேம்ஸ்பேஸுக்குள் சிஸ் அட்மின் அதிகாரம் இருந்தாலே போதும், இந்தப் பிழை வழியாகக் கண்டெய்னரை உடைத்து வெளியே வந்து ஹோஸ்ட்டைக் கைப்பற்ற முடிந்தது. ஒரு ஃபைலைக்கூடத் திறக்கத் தேவையில்லை. ஆப்ஷனைப் படிக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், நெட்வொர்க் வழியாக யாரோ அனுப்பும் பதில்களைப் படிக்கும் இடத்தைத் திறந்துவிட கெர்னல் எழுதுபவர்கள் தயங்குவது நியாயம்தானே.

மற்ற சிஸ்டங்களில் முடிவுகள் மாறுபடுகின்றன. ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலுக்குள் எதை மவுண்ட் செய்யலாம் என்று வகைவாரியாக அனுமதி கொடுக்கலாம். ஜெட்எஃப்எஸ், டெம்ப்-எஃப்எஸ், நல்-எஃப்எஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. என்.எஃப்.எஸ் கிளையன்ட் இல்லை. சோலாரிஸ் ஜோன் மட்டும் வேறு வழி எடுத்தது. அங்கே ஜோனுக்குள்ளிருந்தே என்.எஃப்.எஸ் மவுண்ட் செய்யலாம்.

என்.எஃப்.எஸ் சர்வர் யாரை நம்புகிறது?

கதையின் இரண்டாவது பாதி இது. பலரும் கவனிக்காமல் விடுவதும் இதுதான்.

ஒரு வெப்சைட்டில் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும். என்.எஃப்.எஸ்-இல் பொதுவாகப் பயன்படும் முறையில் அப்படி எதுவும் இல்லை. கிளையன்ட் மெஷின் 'நான் யூசர் எண் 1001' என்று சொல்லும். சர்வர் 'சரி' என்று நம்பும். அவ்வளவுதான். அந்த மெஷினை நிர்வகிப்பவர் நம்பகமானவர், அவர் உண்மையைத்தான் அனுப்புவார் என்ற எண்பதுகளின் கணக்கு அது.

'ரூட் ஸ்குவாஷ்' இருக்கிறதே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். லினக்ஸ் சர்வரில் இது இயல்பாகவே இயங்கும். ரூட் என்று சொல்லி வருபவரை, எந்த உரிமையும் இல்லாத 'நோபடி' யூசராக, எண் 65534 ஆக மாற்றிவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் அது மாற்றுவது எண் 0-வை மட்டும்தான். கண்டெய்னருக்குள் ரூட் ஆக இருப்பவர் ஒரு கட்டளையில் தன்னை யூசர் 1001 ஆக மாற்றிக்கொள்ளலாம். அப்போது சர்வருக்கு அவர் 1001 தான். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் யாரோ, அவருடைய ஃபைல்கள் எல்லாம் திறந்துவிடும். எச்.ஆர். டீமின் சம்பளப் பட்டியல் அதில் இருந்தால் அதுவும்தான்.

இன்னொரு விஷயம். ஹோஸ்ட் வழியாக மவுண்ட் செய்தால் சர்வருக்குத் தெரிவது ஹோஸ்ட்டின் ஐ.பி. முகவரி மட்டும். அந்த ஹோஸ்ட்டில் இருபது கண்டெய்னர் ஓடினாலும் எது கேட்டது என்று சர்வரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே எந்தக் கண்டெய்னருக்கு எந்த ஃபோல்டர், அது எந்த யூசர் எண்ணில் ஓட வேண்டும் என்பதை ஹோஸ்ட்டிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

உண்மையான அடையாளச் சோதனை வேண்டுமென்றால் கெர்பரோஸ் இருக்கிறது. அமைப்பது கொஞ்சம் பெரிய வேலை. அதுவரைக்கும் எளிமையான ஒரு தற்காப்பு: 'ஆல் ஸ்குவாஷ்'. எந்த எண்ணில் வந்தாலும் எல்லோரையும் சர்வரே ஒரே யூசராக மாற்றிவிடும். ஒரு கண்டெய்னர் குழுவுக்கு மட்டும் உரிய டேட்டா ஃபோல்டருக்கு இது பொருத்தம்.

'ப்ரிவிலேஜ்டு' போட்டால் என்னவெல்லாம் போகிறது?

மேலே சொன்ன மூன்று பூட்டுகளும் திறக்கும். எல்லாச் சிறு அதிகாரங்களும் உள்ளே போகும். செக்காம்ப், ஆப்ஆர்மர் இரண்டும் விலகும். இதோடு நிற்பதில்லை. ஹோஸ்ட்டின் சாதனங்கள் எல்லாம் கண்டெய்னருக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஹோஸ்ட்டின் ஹார்ட் டிஸ்க்கும் அதில் ஒன்று. உள்ளே இருப்பவர் அந்த டிஸ்க்கையே மவுண்ட் செய்து, ஹோஸ்ட்டின் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்தலாம். உங்கள் ஆப்பில் ஒரு சின்ன ஓட்டை வழியாக நுழைந்தவருக்கு அடுத்த படியை நாமே போட்டுக் கொடுத்த மாதிரி.

ஒரு ஃபோல்டரைப் படிக்கத்தான் இவ்வளவும். கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

சரியான வழி என்ன?

எல்லா இடத்திலும் கொள்கை ஒன்றுதான். வெளியே மவுண்ட், உள்ளே காட்சி.

டாக்கரில்: என்.எஃப்.எஸ் ஃபோல்டரை ஒரு 'வால்யூம்' ஆக அறிவிக்கலாம். சர்வர் முகவரி, ஃபோல்டர், ஆப்ஷன்கள் எல்லாம் அந்த அறிவிப்பிலேயே இருக்கும். கண்டெய்னர் தொடங்கும்போது டாக்கரின் பின்னணிச் சேவை ஹோஸ்ட் பக்கத்தில் மவுண்ட் செய்து உள்ளே காட்டும். கண்டெய்னருக்குக் கூடுதல் அதிகாரம் எதுவும் தேவையில்லை. அல்லது ஹோஸ்ட்டில் நீங்களே மவுண்ட் செய்துவிட்டு, அந்த ஃபோல்டரை பைண்ட் மவுண்ட் ஆகக் கொடுக்கலாம்.

குபர்னெட்டிஸில்: பெர்சிஸ்டென்ட் வால்யூம் ஆக அறிவிக்க வேண்டும். நேரடி என்.எஃப்.எஸ் வால்யூமில், மவுண்ட் செய்வது ஒவ்வொரு நோடிலும் ஓடும் கியூப்லெட். இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, நோடில் என்.எஃப்.எஸ் கிளையன்ட் பேக்கேஜ் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஹெல்ப்பர் புரோகிராம் தேவைப்படலாம்' என்ற விளங்காத பிழை வரும். இரண்டு, சர்வரின் பெயரை நோடுதான் தேடும். கிளஸ்டருக்குள் மட்டும் புழங்கும் சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் நோடுக்குப் பெரும்பாலும் அது யாரென்றே தெரியாது.

ஃப்ரீபிஎஸ்டி ஜெயிலில்: ஹோஸ்ட்டில் என்.எஃப்.எஸ் மவுண்ட் செய்து, நல்-எஃப்எஸ் மூலம் ஜெயிலின் மரத்துக்குள் காட்டலாம்.

எங்கே செய்தாலும் மூன்று பழக்கங்கள் உதவும். படிக்க மட்டும் போதுமென்றால் 'ரீட் ஒன்லி' போடுங்கள். முழு ஷேரையும் கொடுக்காமல் தேவையான துணை ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். கண்டெய்னரை ரூட் அல்லாத, குறிப்பிட்ட ஒரு யூசர் எண்ணில் ஓட்டுங்கள்.

மவுண்ட் ஆகிவிட்டது. இனி என்ன தப்பாகும்?

1. ஃபோல்டர் காலியாகத் தெரிகிறது. கண்டெய்னர் தொடங்கிய பிறகு ஹோஸ்ட்டில் மவுண்ட் செய்தால், அது உள்ளே தெரியாது. கண்டெய்னருக்குத் தனி மவுண்ட் பட்டியல் இருப்பதால், புது மவுண்ட் தானாகப் பரவாது. 'ஸ்லேவ்' வகைப் பரவலை அமைத்தால் வெளியே நடப்பது உள்ளே தெரியும். டாக்கரின் இயல்பு நிலை அது இல்லை.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்போது என்.எஃப்.எஸ் சர்வர் தாமதமாக எழுந்தால் மவுண்ட் தோற்கும். ஆனால் அந்தக் காலி ஃபோல்டர் ஹோஸ்ட்டில் இருக்கும். கண்டெய்னர் எந்தப் பிழையும் காட்டாமல் அதில் எழுத ஆரம்பிக்கும். பேக்கப் சர்வருக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், லோக்கல் டிஸ்க் நிறைந்துகொண்டிருக்கும். பிறகு மவுண்ட் சரியானதும் அதுவரை எழுதியதெல்லாம் அதன் அடியில் மறைந்துபோகும். அழியவில்லை, ஆனால் தெரியாது. தடுக்க எளிய வழி: ஷேருக்குள் ஒரு அடையாள ஃபைல் வைத்து, அது கண்ணில் பட்டால் மட்டும் ஆப் எழுதத் தொடங்கட்டும். டாக்கரில் சுருக்கமான 'வி' ஆப்ஷன், ஹோஸ்ட்டில் இல்லாத ஃபோல்டரைத் தானே உருவாக்கிவிடும். 'மவுண்ட்' என்ற நீளமான ஆப்ஷனில் பைண்ட் கொடுத்தால், ஃபோல்டர் இல்லை என்று பிழை காட்டி நிற்கும். நிற்பதே நல்லது.

2. எல்லாம் அப்படியே உறைந்து நிற்கிறது. என்.எஃப்.எஸ் மவுண்ட் இயல்பில் 'ஹார்ட்' வகை. சர்வர் காணாமல் போனால், திரும்பி வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். ஆப் காத்திருக்கும். காத்திருக்கும் புரோகிராம்கள் சிஸ்டத்தின் லோடு எண்ணிக்கையில் சேர்வதால், சிபியூ சும்மா இருந்தாலும் லோடு எகிறும். 'சாஃப்ட்' வகை போட்டால் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுப் பிழை தரும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் ஆப் அந்தப் பிழையைக் கவனிக்காவிட்டால் டேட்டா பாதியில் கெட்டுப்போகும். எழுதும் ஷேருக்கு ஹார்ட், படிக்க மட்டும் உள்ள ஷேருக்கு வேண்டுமானால் சாஃப்ட் என்பது பொதுவான நடைமுறை.

3. ஃபோல்டர் தெரிகிறது, எழுத முடியவில்லை. யூசர் எண் பொருந்தவில்லை என்று அர்த்தம். டெபியன் அடிப்படையிலான போஸ்ட்கிரெஸ் அதிகாரபூர்வ இமேஜில் யூசர் எண் 999. சர்வரில் ஃபோல்டர் 1000-க்குச் சொந்தம் என்றால் ஒத்துப்போகாது. தொடக்கத்தில் அந்த இமேஜ் ரூட் ஆக நின்று ஃபோல்டரின் சொந்தக்காரரை மாற்றப் பார்க்கும். ரூட் ஸ்குவாஷ் தடுக்கும். கண்டெய்னர் விழும். உடனே சர்வரில் ரூட் ஸ்குவாஷை அணைக்கச் சொல்லும் யோசனைகள் வரும். கேட்காதீர்கள். சர்வரில் அந்த ஃபோல்டரின் சொந்தக்காரரைச் சரியான எண்ணுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் போதும்.

4. ஒருவர் எழுதியது இன்னொருவருக்கு உடனே தெரியவில்லை. லினக்ஸ் கிளையன்ட் ஒரு ஃபைலின் அளவு, நேரம் போன்ற விவரங்களை 3 முதல் 60 நொடி வரை நினைவில் வைத்திருக்கும். ஒருவர் எழுதி மூடிய பிறகு இன்னொருவர் திறந்தால் புதிய வடிவம் கிடைக்கும் என்பதுதான் என்.எஃப்.எஸ் தரும் உறுதி. திறந்து வைத்தபடியே இருந்தால் உறுதி இல்லை. டேட்டா அனலிஸ்ட்கள் அடிக்கடி மாட்டும் இடம் எஸ்கியூலைட். இரண்டு கண்டெய்னர்கள் ஒரே எஸ்கியூலைட் ஃபைலை என்.எஃப்.எஸ் வழியாகத் திறப்பது ஆபத்து. அதன் 'வால்' முறை நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது என்று எஸ்கியூலைட் ஆவணமே சொல்கிறது. சிஎஸ்வி, பார்க்கே போன்ற ஃபைல்களை ஷேரில் வையுங்கள். டேட்டாபேஸை அதற்குரிய சர்வரில் ஓட்டுங்கள்.

நீக்கும்போது ஏன் அதிகக் கவனம் வேண்டும்?

சிஎச்ரூட் சூழலைப் பயன்படுத்துபவர்களுக்கு முக்கியமான எச்சரிக்கை இது. சிஎச்ரூட்டுக்குத் தனி மவுண்ட் பட்டியல் கிடையாது. அதற்குள் என்.எஃப்.எஸ் மவுண்ட் செய்தால் அது முழு மெஷினுக்கும் செய்த மவுண்ட்தான். வேலை முடிந்தது, இனி இந்தச் சூழல் வேண்டாம் என்று ஹோஸ்ட்டிலிருந்து அந்த ஃபோல்டரை மொத்தமாக அழிக்கும் கட்டளை கொடுத்தால், அது மவுண்ட் வழியாக நடந்து போய் சர்வரில் இருக்கும் ஃபைல்களையும் அழிக்கும். அங்கே ரீசைக்கிள் பின் கிடையாது.

பைண்ட் மவுண்டிலும் இதே ஆபத்து. அழிக்கும் முன் மவுண்ட் பட்டியலைப் பாருங்கள், அன்மவுண்ட் செய்யுங்கள். லினக்ஸின் ஆர்.எம். கட்டளையில் 'ஒன் ஃபைல் சிஸ்டம்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. அது வேறு ஃபைல் சிஸ்டத்துக்குள் நுழையாமல் நிற்கும். ஆனால் அதே டிஸ்க்கிலிருந்து பைண்ட் செய்த ஃபோல்டரை அது வேறாகப் பார்க்காது என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இது டெக் டீம் பிரச்சினை மட்டும்தானா?

இல்லை. பொது ஷேரில் இருப்பது பெரும்பாலும் மனிதர்களின் விவரம். வாடிக்கையாளர் பட்டியல், சம்பளம், மருத்துவ அறிக்கை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். டெமோவுக்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலை போட்ட 'ப்ரிவிலேஜ்டு', யாரும் எடுக்காமல் புரொடக்‌ஷனுக்குப் போனால், 'அப்போதைக்கு வேலை நடக்கணும்னு போட்டோம்' என்பது அங்கே விளக்கமாக நிற்காது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் என்ன பார்க்கலாம்?

• ஓடும் கண்டெய்னர்களில் எவை 'ப்ரிவிலேஜ்டு', எவற்றில் சிஸ் அட்மின் அதிகாரம் சேர்க்கப்பட்டிருக்கிறது? மவுண்ட் செய்ய மட்டும்தான் என்றால் வால்யூமுக்கு மாற்றுங்கள்.

• என்.எஃப்.எஸ் சர்வரின் ஏற்றுமதிப் பட்டியலில் ரூட் ஸ்குவாஷ் அணைக்கப்பட்ட வரி இருக்கிறதா? எல்லா முகவரிக்கும் திறந்த வரி இருக்கிறதா? நோடுகளின் முகவரிகளுக்கு மட்டும் சுருக்குங்கள்.

• கண்டெய்னர் எந்த யூசர் எண்ணில் ஓடுகிறது, ஃபோல்டர் எந்த எண்ணுக்குச் சொந்தம்? இரண்டையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள்.

• மவுண்ட் தோற்றால் ஆப் நிற்குமா, இல்லை காலி ஃபோல்டரில் எழுதுமா? டெஸ்ட் மெஷினில் என்.எஃப்.எஸ் சர்வரை நிறுத்திவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.